ஈற்றொலியும் இரண்டாம் எழுத்தும்: ஆங்கில ரைமைத் தமிழ்த் தொடையால் அளத்தல்

ஆய்வுச்சுருக்கம்

ஆங்கில யாப்பின் ‘ரைம்’ என்பதைத் தமிழில் எதுகை என்று ஒருசாராரும் இயைபு என்று ஒருசாராரும் வழங்கி வருகின்றனர். ஈறு ஒத்த ஆங்கிலச் சொற்கள் யாவும் ரைம் ஆவதில்லை. ரைம் ஆகும் சொற்கள் யாவும் எழுத்தில் ஈறு ஒப்பதுமில்லை. ரைமின் அளவை ஒலியழுத்தம் பெற்ற உயிரிலிருந்தே தொடங்குகிறது. இவ்வுண்மையை முன்வைத்து எதுகையும் இயைபும் ரைமுக்கு எவ்வெவ்விடங்களில் பொருந்துகின்றன, எங்கே பிரிகின்றன என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. கடற்கரை ஊர்ப்பெயர்கள், கடன்சொற்கள், பொம்மபுரத்தோடு தொடர்புடைய சிவப்பிரகாசரின் யமகம், ஜி.யு. போப், கவிமணி ஆகியோரின் மொழிபெயர்ப்புகள் சான்றுகளாகின்றன.

திறவுச்சொற்கள்: எதுகை, இயைபு, ரைம், ஒலியழுத்தம், குற்றியலுகரம், யமகம், மொழிபெயர்ப்பு

இரு வகுப்பறைகள்

தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்புப் பயிலும் மாணவர் தமிழ்த் தேர்வில் ஒரு செய்யுட்பகுதியிலுள்ள எதுகை, மோனை, இயைபுச் சொற்களை எடுத்தெழுதப் பயிற்றப்படுகிறார். அதே மாணவர் ஆங்கிலத் தேர்வில் ஒரு பாடற்பகுதியின் ரைம் சொற்களையும் ரைம் அமைப்பையும் காட்டப் பயிற்றப்படுகிறார். இரு வினாக்களும் ஒரே செவியை நோக்கியவை. ஆயினும் ஒரு வகுப்பில் பெற்ற செவிப்பயிற்சி மற்றொரு வகுப்புக்கு உதவ வேண்டுமாயின் இடையே ஒரு பாலம் வேண்டும். அப்பாலம் பெரும்பாலும் ஆசிரியரின் வாய்மொழியாகவே அமைகிறது; அவ்வாய்மொழியும் ‘ரைம் என்றால் எதுகை’ என்னும் ஒற்றைச் சமன்பாடாகச் சுருங்கிவிடுகிறது.

இதனை மறுப்பவர், ரைம் அடியின் இறுதியில் வருவது, ஆகவே அது இயைபே என்பர். தொல்காப்பியச் செய்யுளியல் மோனை, எதுகை, முரண், இயைபு முதலிய தொடைகளை வகுக்குமிடத்து, அடிதோறும் இறுதி ஒத்து வருதலையே இயைபு என்கிறது. யாப்பருங்கலக்காரிகையும் அவ்வழியே செல்கிறது. (அதே செய்யுளியலில் எண்வகை வனப்புகளுள் ஒன்றற்கும் இயைபு என்பதே பெயர், அது மெய்யீற்றால் முடியும் யாப்பைக் குறிப்பது. இங்குப் பேசப்படுவது தொடையாகிய இயைபு மட்டுமே.) இடத்தை மட்டும் நோக்கினால் இயைபு என்பாரே வென்றவராவர். ஆனால் இடம் ஒன்றே தொடைக்கு இலக்கணம் அன்று. எந்த ஒலி ஒக்க வேண்டும், எது ஒவ்வாதிருக்க வேண்டும், அவ்வொப்பு எந்தச் சொற்களை ஒன்றோடொன்று பிணைக்கிறது என்பனவும் நோக்கத்தக்கவை. இம்மூன்றையும் நோக்கும்போது வழக்கு அத்துணை எளிதாகத் தீர்வதில்லை.

ஈறு ஒத்தால் போதுமா

தொடக்க வகுப்புகளில் ஆங்கில வாசிப்பைக் கற்பிக்க, ஈறு ஒத்த சொற்களைக் குடும்பங்களாக அடுக்குவது வழக்கம். பூனை, மட்டை, பாய், எலி, தொப்பி ஆகியவற்றைக் குறிக்கும் கேட், பேட், மேட், ரேட், ஹேட் என்னும் சொற்கள் இவ்வாறே அறிமுகமாகின்றன. முதல் எழுத்து மாற, எஞ்சிய இரண்டும் மாறாதிருப்பதைக் கண் காண்கிறது. செவியும் அதனையே உறுதிசெய்கிறது. இதிலிருந்து மாணவர் பெறும் விதி, ‘கடைசி எழுத்துகள் ஒத்தால் ரைம்’ என்பது. அடுத்த ஆண்டுகளில் அவரை இடறச் செய்வதும் இவ்விதியே.

ஓ, யூ, ஜி, எச் என்னும் நான்கெழுத்தால் முடியும் சொற்களை எடுத்துக்கொள்வோம். இருமலைக் குறிக்கும் சொல் ‘காஃப்’ என்றும், கரடு என்னும் பொருளது ‘ரஃப்’ என்றும், மரக்கிளையைக் குறிப்பது ‘பௌ’ என்றும், ஊடாக என்னும் பொருளது ‘த்ரூ’ என்றும், ஆயினும் என்னும் பொருளது ‘தோ’ என்றும் ஒலிக்கின்றன. ஈற்றெழுத்து நான்கும் ஒத்த இவ்வைந்தனுள் ஒன்றுக்கொன்று ரைம் ஆவன இல்லை. மறுதலையாக, நீலத்தைக் குறிக்கும் ‘ப்ளூ’, காலணியைக் குறிக்கும் ‘ஷூ’, இரண்டைக் குறிக்கும் ‘டூ’, மேற்கூறிய ‘த்ரூ’ ஆகிய நான்கும் நான்கு வகையாக எழுதப்பட்டும் முழு ரைம் ஆகின்றன. காதலைக் குறிக்கும் ‘லவ்’, அசைதலைக் குறிக்கும் ‘மூவ்’ போன்றவை எழுத்தளவில் மட்டும் ஒப்பன. அவற்றைக் கண்ணுக்கான ரைம் என்றே ஆங்கிலத் திறனாய்வாளர் பிரித்துரைப்பர். 1476இல் காக்ஸ்டன் இங்கிலாந்தில் அச்சுக்கூடம் நிறுவியதை ஒட்டிய காலத்தில் எழுத்துமுறை நிலைபெறத் தொடங்கியது. அதே நூற்றாண்டுகளில் நெட்டுயிர்கள் பெருமளவில் ஒலி மாறின. எழுத்து நின்றது, ஒலி நகர்ந்தது. ஆங்கில ஈறுகளின் குழப்பத்திற்கு இது ஒரு முதன்மைக் காரணம்.

இன்னும் நுட்பமான இடர் ஒன்று உண்டு. ‘ரன்னிங்’, ‘சிங்கிங்’ இரண்டும் ஈறு ஒத்தவை. ஈற்றசை எழுத்தாலும் ஒலியாலும் ஒன்றே. ஆயினும் அவை ரைம் அல்ல. ‘ரன்னிங்’ என்பதற்குத் தந்திரத்தைக் குறிக்கும் ‘கன்னிங்’ ரைம். ‘சிங்கிங்’ என்பதற்கு ‘ரிங்கிங்’ ரைம். காரணம், ஆங்கில ரைமின் அளவை சொல்லின் கடைசி எழுத்திலிருந்து பின்னோக்கி எண்ணப்படுவதன்று. சொல்லில் ஒலியழுத்தம் பெற்ற கடைசி உயிர் எதுவோ, அவ்வுயிரும் அதன்பின் வரும் அனைத்தும் ஒக்க வேண்டும். அவ்வுயிருக்கு முன்னுள்ள மெய் வேறுபட வேண்டும். ஓரசைச் சொல்லில் அழுத்தமும் ஈறும் ஒன்றாகிவிடுவதால் ‘ஈறு ஒத்தல்’ என்னும் விதி உண்மை போலத் தோன்றுகிறது. ஈரசைச் சொல் வந்ததும் அது பொய்த்துவிடுகிறது.

இவ்விடத்தில் தமிழ் மாணவருக்கு எதிர்பாராத ஒரு துணை கிடைக்கிறது. ரன்னிங், கன்னிங், சிங்கிங், ரிங்கிங் என்னும் நான்கையும் தமிழெழுத்தில் எழுதி எதுகை பார்த்தால், முதலிரண்டும் ஒரு தொகுதி, பின்னிரண்டும் ஒரு தொகுதி எனத் தாமே பிரிகின்றன. முதலெழுத்து அளவொத்து இரண்டாம் எழுத்து ஒன்றுதல் என்னும் எதுகை விதி, முதலசையில் அழுத்தம் பெறும் ஆங்கிலச் சொற்களிடத்து ரைமைச் சரியாகவே இனம் காண்கிறது. குறிப்பாக, முதலெழுத்தொழியச் சீர் முழுதும் ஒன்றும் தலையாகு எதுகைக்கும் இத்தகைய ஈரசை ரைமுக்கும் உள்ள உறவு மிக நெருங்கியது. ஆகவே ‘ரைம் என்றால் எதுகை’ என்ற பழைய ஆசிரியரை முற்றும் அறியாதவர் எனத் தள்ளுவதற்கில்லை. அவர் செவி ஏதோ ஒன்றைச் சரியாகக் கேட்டிருக்கிறது. அதன் எல்லையை அவர் கூறவில்லை, அவ்வளவே.

எல்லைகள் இரண்டு. முதலாவது, அழுத்தம் முதலசையில் இல்லாத சொற்கள். ‘நேஷன்’, ‘ஸ்டேஷன்’, ‘ரிலேஷன்’ மூன்றும் ஆங்கிலத்தில் ரைம். மூன்றாவது சொல்லில் அழுத்தம் இரண்டாம் அசையில் விழுவதால் எதுகை விதி அங்கே கைவிடுகிறது. இரண்டாவது, உயிரின் நிலை. எதுகைக்கு முதலெழுத்தின் மாத்திரை ஒத்தால் போதும். உயிர் ஒக்க வேண்டியதில்லை. கட்டு, எட்டு, குட்டு, விட்டு ஆகியவை குறையற்ற எதுகை. ஆங்கிலச் செவிக்கோ உயிர் மாறினால் ரைம் கெட்டது. முதல் உலகப் போர்க் கவிஞர் வில்ஃப்ரெட் ஓவன் மெய்களை ஒக்கவிட்டு உயிரை மட்டும் மாற்றி ‘ஹால்’, ‘ஹெல்’ போன்ற இணைகளை அடியிறுதியில் வைத்தபோது, அது வேண்டுமென்றே குலைத்த ரைமாக, அமைதியின்மையின் ஒலியாகக் கேட்கப்பட்டது. தமிழ்ச் செவிக்கு மெய்யொப்பு குலைவன்று. அதுவே தொடையின் முதுகெலும்பு.

சாலையோரப் பெயர்கள்

புதுச்சேரியிலிருந்து மரக்காணம் நோக்கிக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் செல்பவர், சாலையோரத்திலும் அதனை அடுத்தும் உள்ள ஊர்களின் பெயர்ப்பலகைகளைப் படித்துக்கொண்டே போகலாம்: கோட்டக்குப்பம், தந்திராயன்குப்பம், சின்ன முதலியார்சாவடி, பெரிய முதலியார்சாவடி, பொம்மையார்பாளையம், குயிலாப்பாளையம், காலாப்பட்டு, கீழ்ப்புத்துப்பட்டு. ஈறுகள் இணையிணையாக ஒக்கின்றன. ஆயினும் தமிழர் எவரும் இவற்றைத் தொடை எனக் கேட்பதில்லை. குப்பம் என்பது மீனவர் குடியிருப்பு. சாவடி வழிப்போக்கர் தங்குமிடம். பாளையம் படையோ குடியோ இறங்கிய இடம். ஈறு ஊரின் வகையைச் சொல்கிறது. ஊர் எது என்பதைத் தலைப்பகுதியே சொல்கிறது. பேருந்தில் சீட்டு வாங்குபவர் ‘பாளையம்’ என்று மட்டும் சொன்னால் எந்தப் பாளையம் என்று நடத்துநர் கேட்டே தீர்வார்.

ஊர்ப்பெயரில் காண்பது தமிழ்ச் சொல்லின் பொது அமைப்பும் ஆகும். வேர் முன்னே நிற்க, வேற்றுமையும் காலமும் பாலும் எண்ணும் பின்னே ஒட்டுகின்றன. வந்தான், சென்றான், நின்றான், வென்றான் என்னும் நான்கிலும் ‘ஆன்’ ஒத்திருப்பது கவிஞரின் ஆற்றலால் அன்று, ஆண்பால் விகுதியால். வீடுகளில், காடுகளில், ஏடுகளில் என்பவற்றின் ஈற்றொப்பும் அவ்வாறே. இலக்கணம் இலவசமாகத் தருவதைக் கலை விலைகொடுத்து வாங்காது. மேற்காட்டிய நான்கு வினைகளுள் சென்றான், நின்றான், வென்றான் என்னும் மூன்றே தலையாகு எதுகையாய் இணைகின்றன. வேர்கள் உரசிக்கொள்ளும் இடம் அதுவே. தொடையின் பெருஞ்சுமையைத் தமிழ் அடியின் தலைப்பக்கத்தில் ஏற்றியதற்கும் இயைபைத் துணைநிலையில் வைத்ததற்கும் இவ்வமைப்பு ஒரு காரணமாகலாம். தெலுங்கும் கன்னடமும் இரண்டாம் எழுத்துப் பிராசத்தைப் போற்றுவது இக்கருத்துக்கு வலுச்சேர்க்கிறது. ஆனால் இதனை மாறா விதியாக்குவதற்கில்லை. விகுதிகள் மலிந்த இத்தாலியமும் அரபும் ஈற்று ரைமையே கொண்டாடின. மொழியமைப்பு வழியைத் திறக்கிறது. அவ்வழியே நடப்பதா என்பதை மரபு முடிவுசெய்கிறது.

ஆங்கிலத்தின் வரலாறும் இதையே காட்டுகிறது. விகுதிகள் செழித்திருந்த பழைய ஆங்கிலத்தில் ‘பேவுல்ஃப்’ போன்ற காப்பியங்கள் ஈற்று ரைமால் கட்டப்படவில்லை. நம் மோனையை ஒத்த முதலொலி ஒப்பால் கட்டப்பட்டன. 1066க்குப் பின் பிரெஞ்சுச் செல்வாக்கு ஓங்கியது, விகுதிகளும் தேய்ந்தன. வேர் மட்டுமே எஞ்சிய ஓரசைச் சொற்கள் பெருகின. வேரே ஈறாகவும் நின்றமையால் ஈற்றொப்பு வேர்களையே பிணைக்கும் பொறியாயிற்று. பூனையும் பாயும், எலியும் தொப்பியும் ஒலியால் சந்திப்பது இலக்கணத்தின் கொடையன்று, தற்செயலின் கொடை. கவிஞருக்குப் பயன்படுவது அத்தற்செயலே.

ஈற்று ரைமை ஆங்கிலமே ஒருகால் சுமையாகக் கருதியதுண்டு. மில்டன் தம் ‘இழந்த சுவர்க்க’த்திற்கு 1668இல் சேர்த்த குறிப்பில் ரைமைத் துறந்ததற்கு நியாயம் கூற வேண்டியிருந்தது. பெ. சுந்தரம் பிள்ளை 1891இல் ‘மனோன்மணீய’த்தை அகவல் நடையில் வெளியிட்டபோது ஈற்றியைபு இல்லாமைக்கு அவ்வாறு நியாயம் கூற வேண்டிய நிலை தமிழ்மரபில் எழவில்லை. இல்லாத தளையை எவரும் உடைக்க வேண்டியதில்லை.

‘கேட்டு’ என்னும் சொல்

ஆங்கில ஓரசைச் சொற்கள் தமிழ்ப் பேச்சுக்குள் நுழையும்போது நிகழும் மாற்றம் யாப்பு நோக்கில் சிந்திக்கத்தக்கது. வல்லினத்தால் முடியும் சொல்லைத் தமிழ் நா விரும்புவதில்லை. இறுதியில் உகரம் ஏற்று, வேண்டுமிடத்து வல்லினம் இரட்டித்துக் கொள்கிறது. ‘பஸ்’ பஸ்ஸு ஆகிறது. ‘லேட்’ லேட்டு ஆகிறது. ‘ப்ளேட்’ பிளேட்டு ஆகிறது. ‘ரேட்’ ரேட்டு ஆகிறது. வல்லினத்தை ஊர்ந்து வரும் உகரங்கள் குற்றியலுகரங்களாகவே ஒலிக்கின்றன. இப்போது லேட்டு, ரேட்டு, கேட்டு என்பவை வெறும் ஈற்றொப்புச் சொற்கள் அல்ல; முதல் நெடில் அளவொத்து, இரண்டாமிடத்து டகரமெய் ஒன்றி, தலையாகு எதுகைகளாகிவிட்டன. ஆங்கில ரைம் தமிழ் எல்லையைக் கடக்கும்போது எதுகை என்னும் குடியுரிமையைப் பெறுகிறது எனலாம். ரைமை எதுகை என மொழிபெயர்த்த வழக்குக்கு இதுவும் ஓர் அடிப்படையாக இருக்கக்கூடும்.

தமிழ் எழுத்து இங்கு இரு வேலைகளைச் செய்கிறது. ஒன்று உதவி: சாலை, சுமை, குறியீடு ஆகியவற்றைக் குறிக்கும் ரோடு, லோடு, கோடு என்பவற்றுள் முதலிரண்டு ஒருவகையாகவும் மூன்றாவது வேறுவகையாகவும் ஆங்கிலத்தில் எழுதப்படுகின்றன, தமிழெழுத்து மூன்றன் ஒலியொப்பையும் ஒரே வடிவில் வெளிப்படுத்துகிறது. மற்றொன்று இடர்: பூனையைக் குறிக்கும் ‘கேட்’, வாயிற்கதவைக் குறிக்கும் ‘கேட்’ இரண்டையும் நாம் ஒன்றாகவே எழுதுகிறோம். எலிக்கும் விலைவீதத்திற்கும் ஒரே ‘ரேட்’. பையும் முதுகும் ‘பேக்’. ஆங்கிலத்தில் உயிராலோ மெய்யாலோ வேறுபட்டு ரைம் ஆகாதவை தமிழெழுத்தில் போலி ரைம் ஆகின்றன. ரைம் சொற்களைத் தமிழெழுத்தில் எழுதிப் பயிலும் மாணவர் இங்கே தவறுவாராயின் குறை அவர் செவியில் இல்லை. ‘மாக்கற்’, ‘கிறிக்கெற்’ என்று எழுதும் யாழ்ப்பாண வழக்கில் ஈற்று வல்லினம் வேறெழுத்தைப் பெறுவதால், அங்கே இவ்வொப்புகளின் தோற்றமும் வேறாகிறது. அது தனி ஆய்வுக்குரியது.

ஒலியழுத்தத்தின் இடமாற்றமும் இதனோடு சேர்த்து எண்ணத்தக்கது. ‘ஹோட்டல்’ என்னும் சொல்லுக்கு ஆங்கிலத்தில் இரண்டாம் அசையில் அழுத்தம். மணியைக் குறிக்கும் ‘பெல்’ அதற்கு ரைம். தமிழர் அதனை முதலசை ஓங்க ‘ஓட்டல்’ என்கின்றனர். அதற்குக் கூட்டல், வாட்டல், மீட்டல் ஆகியவை எதுகை. ஒரு சொல்லே இரு மொழிகளில் வெவ்வேறு சுற்றத்தாரைப் பெறுகிறது.

பூனையையும் வாயிற்கதவையும் குறிக்கும் இரண்டு ‘கேட்டு’களோடு, ‘செவிமடுத்து’ என்னும் பொருளுடைய தமிழ் வினையெச்சமாகிய ‘கேட்டு’ம் உண்டு. ஒரே ஒலித்தொடர் மூன்று பொருள்களில் நிற்கிறது. இந்நிலையை விளையாட்டாகவும் தவமாகவும் வளர்த்ததே மடக்கு எனவும் யமகம் எனவும் அணிநூல்கள் கூறும் அமைப்பு.

பொம்மபுரத்தோடு தொடர்புடைய யமகம்

இன்று மயிலத்தில் விளங்கும் பொம்மபுர ஆதீனத்தின் பெயரிலுள்ள பொம்மபுரம், மேற்கூறிய கடற்கரைச் சாலையின் பொம்மையார்பாளையமே என்பது ஆதீன மரபு. அவ்வீரசைவ மடத்தின் முதல்வராகப் போற்றப்படும் சிவஞான பாலைய தேசிகரைப் போற்றிப் பிரபந்தங்கள் பல பாடியவர், 17ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த துறைமங்கலம் சிவப்பிரகாசர். நன்னெறியின் ஆசிரியராகவே அவரைப் பள்ளிப்பாடங்கள் அறிமுகப்படுத்துகின்றன. திருச்செந்தில் நீரோட்டக யமக அந்தாதியின் ஆசிரியர் என்ற முகம் ஆய்வாளர்க்கும் அரிதாகவே நினைவுக்கு வருகிறது.

அவ்வந்தாதி இரட்டைத் தளை பூண்டது. நீரோட்டகம் ஆதலால் இதழ் குவியும் உயிர்களும் இதழ் ஒட்டும் மெய்களும் விலக்கப்படுகின்றன. உகர ஒகரங்கள் இல்லை, ப, ம, வ இல்லை. (பொம்மையார்பாளையம் என்னும் பெயரை நீரோட்டகத்துள் சொல்லவே இயலாது, அதன் ஒலிகளில் பாதி இதழில் பிறப்பன. பாட்டுடைத் தலைவனாகிய முருகனின் பெயருக்கும் இதே கதி.) யமகம் ஆதலால் ஒரே ஒலித்தொடர் நான்கடிகளின் தொடக்கத்திலும் மீண்டும் மீண்டும் வருகிறது, ஒவ்வொரு முறையும் சொற்பிரிப்பு மாறிப் பொருள் வேறாகிறது.

இதற்கு நிகர் ஆங்கிலத்தில் இல்லாமல் இல்லை. சாசர் ‘கேன்டர்பரி கதைக’ளின் முகப்பில், ‘நாடிச்செல்ல’ என்னும் பொருளுடைய சொல்லையும் ‘நோயுற்று’ என்னும் பொருளுடைய சொல்லையும் அடுத்தடுத்த அடிகளின் இறுதியில் வைத்தார். அவர்காலத்து ஒலிப்பில் அவ்விரண்டும் ஒத்தவை; யாத்திரிகர் தேடிச் செல்லும் துறவியும் அவர் தீர்த்த பிணியும் ஒரே ஒலியில் சந்திக்கின்றன. பிரெஞ்சுக்காரர் இதனை வளமிக்க ரைம் எனப் போற்றினர். பிற்கால ஆங்கிலச் செவி இதனை ஒதுக்கியது. முன்மெய் வேறுபடாத ஒப்பு ரைமே அன்று என்றது. தமிழ் இதனை ஒரு நூல்வகையாகவே வளர்த்தது. கருவி ஒன்றே, சாசர் அதனை அடியின் வால்முனையில் வைக்கிறார், சிவப்பிரகாசர் தலைமுனையில் வைக்கிறார். இரு மரபுகளும் எங்கே செவியைக் கூர்மையாக்கிக் காத்திருக்கின்றன என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சான்று இல்லை. அந்தாதிக்குரிய கட்டளைக் கலித்துறை ஒவ்வொன்றும் ஏகாரத்தில் முடிந்தே ஆக வேண்டும். ஈறு எல்லார்க்கும் பொதுவாக முன்பே நிச்சயிக்கப்பட்டுவிட்டது. அதில் கவிஞர் வெல்வதற்கோ தோற்பதற்கோ எதுவும் இல்லை.

யமகத்தைச் சொற்சிலம்பம் என ஒதுக்குவது நவீனத் திறனாய்வில் வழக்கமாகிவிட்டது. அவ்வொதுக்கலை இக்கட்டுரையாளர் ஏற்பதற்கில்லை. பொருள் வறண்ட யமகங்கள் உண்டு என்பது உண்மையே. ஆனால் சொல்லெல்லை எங்கே விழுகிறது என்பதைச் செவியும் அறிவும் சேர்ந்து தீர்மானிக்க வேண்டிய கட்டாயத்தை வாசகர்க்கு உண்டாக்குவதில் யமகத்துக்கு ஈடான பயிற்சி வேறில்லை. இடைவெளியின்றித் தொடர்ந்து எழுதப்பட்ட ஓலைச்சுவடியைப் படித்தவர்க்கு அது அன்றாடத் தேவை. அச்சுவடிகளில் அடியைப் பிரித்தறியவும் எதுகையே கைகொடுத்தது. அடி முறிந்து அடுத்த வரிக்குச் செல்லும் அச்சுப் பக்கத்தை அறிந்த கண் ஈற்றைத் தேடும். முறியாத ஓலையை அறிந்த செவி தலையைத் தேடும்.

போப்பின் ஈரடி

ஜி.யு. போப் 1886இல் வெளியிட்ட திருக்குறள் மொழிபெயர்ப்பு, குறளின் ஈரடியை ஆங்கில ரைம் ஈரடியாக்கியது. தமிழ் யாப்பை அறியாதவர் அல்லர் அவர். அறிந்தே எதுகைக்கு ஈடாக ரைமை வைத்தார். அவ்வீடு எவ்வளவு தாங்குகிறது என்பதை முதற்குறள் ஒன்றிலேயே காணலாம். மூலத்தில் எதுகையால் பிணைவன ‘அகர’ என்பதும் ‘பகவன்’ என்பதும். எழுத்துலகின் முதல் அகரம், உயிருலகின் முதல் பகவன் என்னும் எடுத்துக்காட்டுவமையின் இரு தலைகளும் அவையே. உவமை சொல்லும் ஒப்பை எதுகை ஒலியால் மீண்டும் சொல்கிறது. முதலடியின் ஈற்றிலோ ‘ஆதி’ என்னும் சொல் நிற்கிறது. அது அடியோடு முடியாமல் அடுத்த அடியின் ‘பகவன்’ என்பதைப் பற்றிக்கொண்டு ஓடுகிறது. அடியிறுதி ஓய்விடமாகாத இவ்வமைப்பில் ஈற்றொப்புக்கு இடமே இல்லை.

போப்பின் ஈரடி ‘மெயின்டெயின்ஸ்’, ‘டொமெயின்ஸ்’ என்னும் இரு சொற்களில் முடிகிறது. முன்னது ‘கொண்டு நிற்கிறது’ என்னும் வினை. பின்னது ‘ஆட்சிப்பரப்புகள்’ என்னும் பெயர். ரைம் குறையற்றது, இரண்டிலும் அழுத்தம் இரண்டாம் அசையில் விழுகிறது. (எதுகை விதி கொண்டு நோக்கின் இவ்விணை தேறாது என்பதையும் கருதுக.) ஆனால் ஒலி பிணைப்பது உவமையின் தலைகளை அன்று, வாக்கியத்தின் வால்களை. முதன்மை பற்றிய குறள் ஆட்சி பற்றிய ஈரடியாக மெல்லச் சாய்கிறது. சொல்லுக்குச் சொல் பார்க்கும் மொழிபெயர்ப்புத் திறனாய்வு இச்சாய்வைக் காண்பதில்லை. சொற்பொருளில் பிழை இல்லையே. தொடை எச்சொற்களைப் பிணைக்கிறது என்று கேட்டால்தான் அது புலப்படும். எதுகை பெறாத குறள்களும் உள ஆதலின் இவ்வாய்வை ஒவ்வொரு குறளுக்கும் விரித்தல் பயன்தராது. எதுகைச் சொற்களே கருத்தின் தூண்களாக நிற்கும் குறள்களுக்கு மட்டும் விரித்தல் தகும்.

கவிமணியின் ‘உண்டு’

மறுதிசைப் பயணத்திற்கு உமர்கய்யாம் பாடல்கள் தக்க சான்று. பிட்ஸ்ஜெரால்டு 1859இல் வெளியிட்ட ஆங்கில ஆக்கத்தில் நாலடிகளுள் முதல், இரண்டு, நான்காம் அடிகள் ரைம் பெறும். மூன்றாம் அடி விடுபட்டு நிற்கும். மரநிழலும் மதுவும் கவிதையும் காதலியும் சேர்ந்த புகழ்பெற்ற பாடலில் ரைம் ஏற்கும் சொற்கள் மூன்று: மரக்கிளையைக் குறிக்கும் ‘பௌ’, நீ என்னும் பொருளுடைய ‘தௌ’, போதும் என்னும் பொருளுடைய பழஞ்சொல் ‘இனௌ’. மூன்றின் ஈறும் மூன்று வகையாக எழுதப்படுகின்றன, ஒலி ஒன்றே. மூன்றும் வேர்ச்சொற்கள். கிளை, நீ, போதும் என்று அவற்றை மட்டும் தொடுத்துப் படித்தாலே பாடலின் வாதம் கிடைத்துவிடுகிறது.

கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையின் தமிழாக்கம் ஈற்றில் ‘உண்டு’ என்னும் ஒரே சொல்லை அடிதொடர்ந்து வைத்துச் செல்கிறது. இயைபு இலக்கணத்திற்கு இது முற்றும் உடன்பாடு. ஆங்கில இலக்கணத்திற்கோ இது ரைம் அன்று. ஒரே சொல் ஒரே பொருளில் திரும்புவது ஒலியொப்பு ஆகாது. பாரசீக மரபில் ரைமுக்குப் பின் மாறாது திரும்பும் ரதீஃப் என்னும் உறுப்பை அது நினைவூட்டுகிறது. கவிமணி உமரை ஆங்கிலத்தின் வழியாகவே அறிந்தவர் ஆதலின், இவ்வொப்பைத் தாக்கம் என்பதைவிடத் தற்செயல் என்பதே பொருந்தும்.

அப்படியாயின் பிட்ஸ்ஜெரால்டின் ரைம் தமிழில் இழக்கப்பட்டதா? ஈற்றை மட்டும் நோக்குபவர் ஆம் என்பர். அடிகளின் தலையை நோக்க வேண்டும். அங்கே எதுகையால் பிணைவன வெய்யில், கை, தெய்வம், வையம் ஆகிய சொற்கள். ஐகாரம் ‘அய்’ என ஒலிக்கும் போலியால் நான்கிலும் யகரம் ஒன்றுகிறது. மேலிருந்து காயும் வெயில், கவியேந்தும் கை, இசைக்கும் தெய்வத்தன்மை, இவையனைத்தையும் தரும் உலகு என்று, பாடலின் வாதம் முழுதும் இந்நான்கு வேர்களின் வழியே இறங்குகிறது. ‘உண்டு’ தாளத்தைத் தாங்குகிறது; எண்ணி எண்ணி மகிழும் குரலைத் தருகிறது. வாதத்தைத் தாங்குவது எதுகை. இப்பாடலைத் தேர்வுக்குக் கொடுத்து இதன் ரைம் எது என்று கேட்டால் மாணவர் ‘உண்டு’ என்று எழுதுவார். விடைக்குறிப்பும் பெரும்பாலும் அதுவாகவே இருக்கும். ‘பௌ’, ‘தௌ’, ‘இனௌ’ மூன்றும் செய்த வேலையைச் செய்யும் சொற்களோ அடியின் மறுமுனையில் நிற்கின்றன.